நீலச் சட்டை, கையில் புறா

மார்ச் 3

சின்னவளே,

உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை. போனில் பேசலாம் என்றால் உன் போனை உன் வீட்டில் எல்லோரும் நோண்டுவார்கள், என் போனை என் பையன் நோண்டுவான். டெய்லர் அக்காவிடம் தைக்கக் கொடுத்த துணிக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். பதிலையும் அவளிடமே கொடு.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். நடுவில் ஒரு சுரங்கப்பாதை. நடந்தால் பத்து நிமிஷம். சரக்குக் கிடங்கில் மூட்டை இறக்குகிற வேலை எந்தப் பக்கத்துக்கு என்று ஆம்பிளைகள் மூன்று வருஷமாக அடித்துக்கொண்டதில் அந்தப் பத்து நிமிஷம் கடல் தாண்டுகிற தூரமாகிவிட்டது.

மாமா எப்படி இருக்கிறார் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். பஸ் டிப்போவில் என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொன்ன என் புருஷனுக்கு இப்போது தன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. இடது கை தொங்குகிறது. நான்தான் ஊட்டுகிறேன். போன அக்டோபரில் சுரங்கப்பாதைக்குள் எங்கள் வண்டியை மறித்தார்கள். கரண்ட் இல்லாத நேரம். கம்பி அவர் மண்டையில் இறங்கிய சத்தம் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. நான் அவர் மேல் விழுந்தேன், என் முதுகிலும் ரெண்டு அடி. கவிழ்ந்து கிடந்த வண்டியின் விளக்கு மட்டும் அணையவில்லை. அந்த வெளிச்சத்தில் கம்பி வைத்திருந்தவன் முகத்தைப் பார்த்தேன். பெயர் தெரியாது. இடது புருவம் நடுவில் அறுந்திருந்தது என்று போலீஸில் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள், அதோடு சரி.

நேற்று அவரை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீ வரைந்த சுவரைத் தாண்டித்தானே போக வேண்டும். நகராட்சிக்காரர்கள் ரிப்பன் வெட்டி 'நம் முகங்கள்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். ரெண்டு பக்கத்து ஆட்களும் தோளோடு தோள் நிற்கிறார்கள். என் தங்கச்சி கைவேலை என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கடைசியில் ஒருவன் நிற்கிறான். நீலச் சட்டை, கையில் புறா, வாய் நிறையச் சிரிப்பு. புருவம் அறுந்திருக்கிறது.

மாமாதான் முதலில் பார்த்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நாற்காலியிலேயே மூத்திரம் போய்விட்டார்.

யார் அவன்? பெயரைச் சொல்.

அக்கா

மார்ச் 7

அக்காவுக்கு,

துணியைப் பிரித்ததும் உன் கையெழுத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் படித்தேன்.

மாமா அடிபட்ட மறுநாளே பார்க்க வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் உன் பையன் நின்றான். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த தடியன். "அந்தப் பக்கத்து நாயெல்லாம் உள்ள வரக்கூடாது" என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளினான். படியில் விழுந்தேன், முழங்கை பெயர்ந்தது. கொண்டுவந்த பழமெல்லாம் ரோட்டில் உருண்டு லாரிச் சக்கரத்தில் நசுங்கியது. இதை அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான்.

அந்தச் சுவருக்காக நான் பட்ட பாட்டைக் கேள். ஒவ்வொருவரையும் சுரங்கப்பாதையிலேயே ஸ்டூலில் உட்காரவைத்துப் பென்சிலில் வரைந்தேன். பிறகு சுவரில் நூல் அடித்து, கட்டம் போட்டு, பெரிதாக்கினேன். ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ஸ்டூல்தான். உன் தெருக் கண்ணாடிக் கடைக்காரர் எழுந்த சூட்டிலேயே என் தெரு நர்ஸ் வந்து உட்கார்ந்தாள். முறைத்துக்கொண்டார்கள், ஆனால் உட்கார்ந்தார்கள். திறப்பு விழாவில் அதிகாரி "கலை மக்களை இணைக்கும்" என்று மைக்கில் சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்தது. அந்த ஸ்டூலை நினைத்துக்கொண்டு கை தட்டினேன்.

நீலச் சட்டைக்காரன் யாருமில்லை அக்கா. ஒரு இடம் காலியாக இருந்தது, கற்பனையில் ஒரு முகத்தைப் போட்டு நிரப்பினேன். புருவத்தில் பிரஷ் தடுக்கியிருக்கும். கீழே கிடந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் யார் முகமும் பேய் முகம்தான்.

தடியனிடம் மட்டும் சொல்லிவிடாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

சின்னவள்

மார்ச் 10

சின்னவளே,

யாரிடம் கதை விடுகிறாய்? உனக்குக் கற்பனையில் முகம் வரைய வருமா? பள்ளிக்கூடத்தில் ராஜா படம் போடச் சொன்னால் கிரீடத்துக்குக் கீழே நம் அப்பா மூக்கு வந்து நிற்கும். ராணி போட்டால் நான். டீச்சர் சிரித்ததும் நீ அழுததும் மறந்துவிட்டதா? பார்த்து வரைந்தால் அச்சு மாதிரி வரும். பார்க்காமல் வரைந்தால் வீட்டில் இருக்கிற யாரோ ஒருத்தர்தான் வந்து நிற்பார். உன் கை அப்படி.

அதனால் அந்த நீலச் சட்டைக்காரன் உன் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான். நீ அவன் கண்ணைப் பார்த்திருக்கிறாய். அறுந்த புருவத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய். உன் மாமா ரத்தம் தெறித்த கையில் ஒரு புறாவையும் கொடுத்திருக்கிறாய்.

ஆஸ்பத்திரி வாசலில் நடந்தது எனக்குத் தெரியாது. கேட்டேன், ஆமாம் என்றான். ஒரு அறை விட்டேன். அதற்குமேல் நான் செய்ய ஒன்றுமில்லை. அப்பன் வாயில் ஒழுகுகிறதைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளையை நான் எவ்வளவு அடிப்பேன்? டயர் கடையிலிருந்து ஒரு இரும்புக் குழாய் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறான். பெயர் தெரியாததால்தான் அது இன்னும் அங்கே கிடக்கிறது.

உள்ளதைச் சொல்கிறேன். அவன் சாக வேண்டும் என்று நானும் ஆசைப்படுகிறேன். சோறு ஊட்டும்போதெல்லாம் ஆசைப்படுகிறேன். ஆனாலும் பெயரை நீ சொன்னால் முதலில் போலீஸுக்குப் போவேன். ஞாயிறு வரை பார்ப்பேன். பதில் வரவில்லை என்றால் என் பையனிடம் சொல்வேன், நீலச் சட்டை, கையில் புறா, போய்ப் பார்த்துக்கொள் என்று.

அக்கா

மார்ச் 15

அக்கா,

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். வலது கை கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. ரெண்டு விரலில் கட்டு.

சுவரில் ஓதம் ஏறி அங்கங்கே பெயிண்ட் பொரிந்திருக்கிறது என்று நகராட்சியில் சொன்னார்கள். இன்று மதியம் முழுக்க ஏணியில் நின்று சரிசெய்தேன். நீ சொன்ன நீலச் சட்டைக்காரனையும் ஈரம் அரித்திருந்தது, சுரண்டிவிட்டுத் திரும்பப் போட்டேன். நீயே போய்ப் பார். அறுந்த புருவம் அங்கே இல்லை. அது சாதுவான ஒரு மனுஷன் முகம். நீ பார்த்தது உன் பயம்தான் அக்கா. வேறொன்றுமில்லை.

கட்டுப் போட்ட கைக்கு வேலை மோசமில்லை. என் வீட்டுக்காரர் லாரி எடைமேடையில் வேலை முடிந்து வரும்போது சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மீசையை மட்டும் நாளைக்குக் கொஞ்சம் திருத்த வேண்டும்.

மாமாவுக்குக் கை மசாஜ் செய்ய ஒரு பெண் இருக்கிறாள், என் தெருதான், நல்லவள். நீ சரி என்றால் அனுப்புகிறேன்.

அந்தக் குழாயைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து எங்கேயாவது போடு.

சின்னவள்

மார்ச் 17

சின்னவளே,

உன் கடிதம் இன்று காலையில்தான் வந்தது. நேற்று டெய்லர் அக்கா கடை திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வரை பார்த்துவிட்டு அவனிடம் சொல்லிவிட்டேன். நேற்றுக் காலையில் சுவரைப் பார்க்கப் போனான். சாயங்காலம் திரும்பினான். சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். குழாயில் முடி ஒட்டியிருந்தது. "முடிச்சிட்டேம்மா" என்றான். நான் சந்தோஷப்பட்டேன். உன்னிடம் மறைக்கவில்லை, சந்தோஷப்பட்டேன். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அவன் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து, "ஏம்மா, அது சித்தப்பான்னு என்கிட்ட மறைச்சே? சொன்னா விட்டுடுவேன்னு நெனச்சியா?" என்று கேட்டான்.

எந்தச் சித்தப்பா என்று கேட்டேன். "எனக்கு எத்தனை சித்தப்பா இருக்காங்க" என்றான்.

நான் பார்த்த முகம் உன் புருஷன் முகம் இல்லை. என் கண் மேல் சத்தியமாக இல்லை. அவர் எப்படி அந்தச் சட்டைக்குள் வந்தார்? என்ன செய்தாய் நீ? எடைமேடையில் வைத்துப் பின்னாலிருந்து அடித்தானாம். விழுந்த பிறகும் அடித்தானாம். "ஒண்ணுமே பேசலம்மா, என் பேரைத்தான் சொன்னார்" என்கிறான்.

உயிர் இருக்கிறது என்று ஒரு வரி எழுது. எழுத முடியாவிட்டால் டெய்லர் அக்காவிடம் சொல்லி அனுப்பு. இவன்தான் என்று யாரிடமும் சொல்லிவிடாதே. இதைக் கேட்க எனக்கு வாயில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

அக்கா

மார்ச் 29

அக்கா,

உன் கடிதம் வந்தபோது அவர் பிணவறையில் இருந்தார்.

பார்த்ததைச் சொல்கிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும். துணியை விலக்கினார்கள். இத்தனை முகம் வரைந்தவள் நான், எலும்பு எங்கே சதை எங்கே என்று எனக்குத் தெரியும். அவர் முகத்தில் எதுவும் அதனதன் இடத்தில் இல்லை. தாடை காதுக்குக் கீழே போயிருந்தது. ஒரு கண்ணைக் காணவில்லை. நீ வாங்கிக் கொடுத்தாயே, பழுப்புக் கட்டம் போட்ட சட்டை, அதை வைத்துத்தான் இவர்தான் என்று சொன்னேன்.

உன் நீலச் சட்டைக்காரன் என் கொழுந்தன். என் கல்யாணத்தில் வாசலில் கோலி விளையாடிக்கொண்டிருந்தானே, அந்தப் பொடியன். வெளியூரில் வளர்ந்து ரெண்டு வருஷம் முன்னால் திரும்பி வந்தான். புறா வளர்க்கிறான். "அண்ணி, என்னையும் சுவத்துல போடுங்க" என்று அவனாகவே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். மாமாவை அடித்தது இவன் என்று எனக்கு அப்போது தெரியாது. உன் முதல் கடிதம் வந்த பிறகு அவனிடம் கேட்டேன். எரிகிற அடுப்பில் இருந்த தோசைக்கல்லில் என் வலது கையை வைத்து அழுத்தினான். "வரையற கையைப் பத்திரமா வெச்சுக்கங்க அண்ணி" என்றான். கதவிடுக்கு என்று நான் எழுதியது இதைத்தான்.

அவனுக்குப் பயந்தும், தடியன் கொலைகாரனாகிவிடக் கூடாது என்றும்தான் அந்த முகத்தை மாற்றினேன். புருவத்தைச் சேர்த்தேன். நெற்றியை அகலமாக்கினேன், தாடையைத் தணித்தேன், மீசையில் கொஞ்சம் நரை வைத்தேன். கை எரிந்தது, அது போன போக்கில் விட்டேன். யார் முகமும் இல்லாத ஒரு முகத்தைப் போட்டுவிட்டதாக நினைத்தேன். வீட்டு ஆள்தான் வந்து நிற்பார் என்று நீ எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டுத்தான் ஏணி ஏறினேன்.

அவர்தான் கண்டுபிடித்தார். சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்று, "என்னடி, தம்பி சட்டையில என் மூஞ்சிய மாட்டி வெச்சிருக்கே" என்று சிரித்தார். வெளிச்சம் போய்விட்டது. "நாளைக்கு மாத்திடறேன்" என்றேன். "இருக்கட்டும் விடு, நானும் கொஞ்ச நாள் சுவத்துல நின்னுக்கறேன்" என்றார். மறுநாள் நான் எமல்ஷன் பெயிண்ட் வாங்கப் போயிருந்தபோதுதான் உன் பையன் சுவரைப் பார்த்திருக்கிறான்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி. எடைமேடையில் ரெண்டு பேர் அடித்தவனைப் பார்த்திருக்கிறார்கள். பெயர் தெரியவில்லை. முன்பல் பாதி உடைந்தவன், முழங்கையில் தீப்புண் தழும்பு என்கிறார்கள். நேற்று கொழுந்தன் அவர்களைக் கூட்டிவந்து என் எதிரில் உட்காரவைத்தான். ஒரு காகிதமும் பென்சிலும் கொடுத்தான். "இவங்க சொல்லச் சொல்ல வரைங்க அண்ணி. அந்தப் பக்கத்து மூஞ்சியெல்லாம் உங்களுக்குத் தெரியுமே." அவன் ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். தடியன் முகத்தை வரைந்தால் அவனை அன்றைக்கே வெட்டிப் போட்டுவிடுவார்கள். வேறு முகம் வரைந்தால் இன்னொரு வீட்டில் பிணம் விழும். நீ 'யார் அவன்?' என்று கேட்டாய், இவனும் 'யார் அவன்?' என்று கேட்கிறான். ரெண்டு பேருக்கும் நான்தான் கிடைத்தேன்.

"காகிதத்துல கை நிக்கலை, சுவத்துல வரைஞ்சு தர்றேன்" என்று சொல்லியிருக்கிறேன். ஊருக்கே காட்டலாம் என்று அவனுக்கு அதில் ஏக சந்தோஷம்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஏணி போடுவேன். முதலில் நீலச் சட்டைக்குள் அவனையே திரும்ப வைப்பேன். அறுந்த புருவத்தோடு, புறாவை எடுத்துவிட்டுக் கம்பியோடு. பக்கத்தில் தடியனைக் குழாயோடு. ரெண்டு பேர் கீழேயும் என்ன செய்தார்கள் என்று எழுதுவேன். மறைத்து மறைத்து என் புருஷனைத் தின்றுவிட்டேன், இனி மறைக்க மாட்டேன். போலீஸிடமும் சொல்லிவிட்டுத்தான் ஏறுவேன், வருவார்களோ மாட்டார்களோ.

கொழுந்தன் ஆட்கள் தடியனைத் தேடி வருவதற்குள் நீயே அவனை ஸ்டேஷனில் கொண்டுபோய் விடு. உள்ளே இருந்தால் உயிரோடு இருப்பான். நான் வரைந்து முடித்து எமல்ஷன் காய ரெண்டு மணி நேரம் ஆகும். அவ்வளவுதான் என்னால் கொடுக்க முடியும்.

சின்னவள்

ஏப்ரல் 4

சின்னவளே,

ஆஸ்பத்திரி முகவரிக்கு எழுதுகிறேன். நர்ஸ் உனக்குப் படித்துக் காட்டுவதாகச் சொன்னாள். உன் கையில் எலும்பு நாலு இடத்தில் போயிருக்கிறது, பிளேட் வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னாள்.

உன் கடிதம் படித்ததும் என்ன செய்தேன் தெரியுமா? என் பையனுக்குப் பை கட்டினேன். துணி, கொஞ்சம் பணம், அவன் அப்பாவின் ஸ்வெட்டர். மதியப் பஸ்ஸில் எங்கேயாவது ஏற்றிவிடலாம் என்று. நீ நிஜமாகவே ஏணி போடுகிறாயா என்று பார்க்க மட்டும் தனியாக வந்தேன். உன்னைத் தடுக்கத்தான் வந்தேன்.

சுரங்கப்பாதையின் ரெண்டு வாயிலும் கூட்டம். கட்டுப் போட்ட கையோடு நீ மேலே நிற்கிறாய். உன் கொழுந்தன் முகம் முடிந்திருந்தது. என் பையன் முகத்தில் உடைந்த பல்லை வைத்துக்கொண்டிருந்தாய். அப்போது உன் கொழுந்தன் வந்தான். ஏணியை இழுத்துத் தள்ளினான். சுவரில் அவன் கம்பியை ஓங்கி நிற்கிறான், அதற்கு நேர் கீழே அவனே கம்பியை ஓங்கி நிற்கிறான். எல்லோரும் மேலே ஒரு தரம் பார்த்தார்கள், கீழே ஒரு தரம் பார்த்தார்கள். முதல் அடி உன் கையில். எலும்பு நொறுங்குவது எனக்குக் கேட்டது. மூன்றாவது அடிக்குள் எங்கள் கண்ணாடிக் கடைக்காரர் அவன் முடியைப் பிடித்துவிட்டார். உங்கள் நர்ஸ் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். இத்தனை வருஷத்தில் ரெண்டு தெருவும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

அவனைக் கீழே போட்டு மிதித்தார்கள். நானும் ஒரு செங்கல்லை எடுத்தேன். வாயில் அடித்தேன், பல் தெறித்தது. நன்றாக இருந்தது. இன்னொரு தரம் ஓங்கினேன், மண்டைக்கு. நீ தரையில் கிடந்தபடியே, "அக்கா, காஞ்சுக்கிட்டிருக்கு. போ" என்றாய். கல்லைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

என் பையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றான். பையைப் பிடுங்கி உள்ளே போட்டேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுரங்கப்பாதை வழியாகவே நடந்தேன். அதற்குள் போலீஸ் உன் கொழுந்தனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டது. ரெண்டு பக்கத்து ஆட்களும் எங்களுக்கு வழி விட்டார்கள். தன் முகத்துக்கு முன்னால் அவன் நின்றுவிட்டான். "நான் சித்தி ஸ்டூல்ல உட்காரவே இல்லையேம்மா, எதைப் பார்த்து வரைஞ்சாங்க?" என்று கேட்டான். எதையும் பார்க்காமல்தான் வரைந்திருக்கிறாள் என்று சொன்னேன். அவனுக்குப் புரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதான். எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தான்.

ஸ்டேஷனில் கைரேகை எடுக்கும்போது மை வைப்பதற்கு முன்பே அவன் விரலெல்லாம் கறையாக இருந்தது. "என்னப்பா இது" என்று போலீஸ்காரர் கேட்டார். "எங்க சித்தி பெயிண்ட் சார்" என்றான்.

உன்னை மன்னித்தேன் என்று நான் எழுதப் போவதில்லை. என்னை மன்னி என்றும் கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமாவைத் தள்ளிக்கொண்டு வருகிறேன். பழம் வாங்கிவருவேன், என்னைப் படியில் தள்ள அங்கே யாருமில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது சுவர் முழுக்கத் தேடினேன். உன் புருஷன் எங்கேயும் இல்லை. அந்த நீலச் சட்டையில் ஒரு நாள் நின்றார், அதற்கே போய்விட்டார். இப்போது அதில் உன் கொழுந்தன் நிற்கிறான். கை கூடியதும் அவரை வரை. எத்தனை மாசம் ஆனாலும் சரி, ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன். அவருடைய சொந்தச் சட்டையில் வரை.

அக்கா